முதல் பரிசா ஒரு சோப்பு டப்பா

எங்கிட்ட ஒரு எவர்சில்வர் சோப்பு டப்பா இருக்கு. மூடி மேல 'மாறுவேடப் போட்டி, முதல் பரிசு'ன்னு புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். வாழ்க்கைல நான் வாங்குன ஒரே முதல் பரிசு அதுதான். அதுக்கப்புறம் எதுலயும் மூணாவதுகூட வரல. கல்யாணத்துல மட்டும் ரெண்டாவது வந்தேன். என் வீட்டுக்காரரு மொதல்ல பாத்த பொண்ணு அவரை வேணாம்னு சொல்லிடுச்சாம். நாப்பது எட்டிப் பாக்குற வயசாச்சு, இன்னிக்கு வரைக்கும் அந்த டப்பால நான் சோப்பு வச்சதில்ல.

அப்ப நான் ஏழாவது. புதுச்சேரி நெல்லித்தோப்புல வாடகை வீடு. அப்பா போலீஸ்ல ஏட்டு. போலீஸ்னு சொன்னதும் மீசை, தொப்பை, ஜீப்புன்னு நெனச்சுக்காதீங்க. அப்பா சைக்கிள் பம்பு மாதிரி இருப்பாரு. தலையில எங்க ஊரு போலீஸோட சிவப்புத் தொப்பி. பிரெஞ்சுக்காரன் போறப்ப மறந்து வுட்டுட்டுப் போனது. தூரத்துலேர்ந்து பாத்தா ஒரு தீக்குச்சி நடந்து வர மாதிரி தெரியும்.

பாகூர் தாண்டி ஒரு கிராமத்து அவுட்போஸ்ட்ல அவருக்கு டியூட்டி. அந்தப் பக்கம் எல்லை எப்பிடின்னா, ஒரு தெரு நம்மளுது, அடுத்த தெரு தமிழ்நாடு. ஒருத்தன் தேங்கா திருடிட்டு ரோட்ட தாண்டிட்டான்னா அவன புடிக்க ரெண்டு கவர்மெண்டு பேசியாகணும். அதுக்குள்ள அவன் தொவையலே அரைச்சுத் தின்னுருப்பான்.

அம்மா பிஸ்கெட் கம்பெனில பேக்கிங். அம்மாவோட தம்பி, எங்க மாமா, லாஸ்பேட்டைல ஒரு ஆபீஸ்ல கிளார்க்கு. ரூமு அங்க, சாப்பாடு எங்க வீட்டுல. கல்யாணம் பண்ணிக்கல. பொழுது சாய டிவிஎஸ் அம்பதுல டுர்ருன்னு வந்து எறங்குவாரு. மாமாதான் எங்க குடும்பத்துல எழுத்தாளரு. மூணு நாவல் எழுதியிருந்தாரு. மூணுலயும் ஒரே ஹீரோ, தணிகாசலம்னு ஒரு கிராமத்து ஏட்டு. கைல லத்தி இருந்தும் அடிக்க மாட்டாரு. திருடனுக்கு டீ வாங்கிக் குடுத்து, பேசிப் பேசியே உண்மைய வரவழைப்பாரு.

அந்த தணிகாசலம் எங்க அப்பாதான்னு எங்க வீட்டு பல்லிக்குகூட தெரியும்.

அப்பா டியூட்டி முடிஞ்சு வந்து குளிச்சிட்டு, டீய கைல வச்சுக்கிட்டு அன்னிக்கு நடந்தத சொல்லுவாரு. ஆனா எதுத்தாப்புல பேப்பர், பேனா இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா, "இன்னா மாப்ள, வாக்குமூலமா வாங்குற?"ன்னு வாய மூடிக்குவாரு. அதனால மாமா கைய கட்டிக்கிட்டு கேப்பாரு. அரை மணிக்கு ஒரு தடவ கக்கூஸுக்குப் போவாரு. அங்க உக்காந்து பஸ் டிக்கெட்டுக்குப் பின்னாடி குறிச்சுக்குவாரு. எங்க தெருவுல அவருக்கு வயிறு சரியில்லன்னு ஒரு பேச்சே இருந்துச்சு. பக்கத்து வீட்டக்கா சுக்குக் கஷாயம்லாம் வச்சுக் குடுத்தாங்க. இலக்கியத்துக்காக அதையும் குடிச்சாரு பாவம்.

நான் ஆறாவது படிக்கிறப்ப ஒரு நாள் அப்பா ஒரு விஷயம் சொன்னாரு. மோட்டார் கொட்டாயில ஒயர் திருடுன ஒருத்தன அவுட்போஸ்ட்ல புடிச்சு வச்சிருந்தாங்க. காலைல அவன் ஊர்லேர்ந்து ஆளு வந்துச்சு. அவன் அம்மா செத்துட்டாங்க. கொள்ளி வைக்க அவன தவுத்து வேற புள்ள இல்ல. அவன் ஊரு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுல. அவுட்போஸ்ட் அதிகாரி கோர்ட்டுக்குப் போயிருந்தாரு, சாயங்காலம்தான் வருவாரு. அவன் ஒரே ஒரு தடவதான் கேட்டானாம். அப்புறம் செவுத்தப் பாத்து திரும்பி உக்காந்துக்கிட்டானாம்.

அப்பா சட்டைய மாத்திக்கிட்டு, சிவப்புத் தொப்பிய துணிப்பையில போட்டு ஹேண்டில்பார்ல மாட்டி, அவன சைக்கிள் பின்னாடி குந்த வச்சுக்கிட்டு எல்லைய தாண்டிட்டாரு. போலீஸு மிதிக்குது, திருடன் கேரியர்ல வரான். சாவு வீட்டுல அப்பாவ யாரோ பங்காளின்னு நெனச்சு பாடைய தூக்கச் சொல்லிட்டாங்க. தூக்கிட்டாரு. அதிகாரி வரதுக்கு முன்னாடி திரும்பி வந்து அவன உள்ள வச்சுப் பூட்டிட்டு, தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டாரு.

"இத மட்டும் எழுதிடாத மாப்ள. வேல பூடும்"னாரு அப்பா.

மாமா தலைய ஆட்டுனாரு. அன்னிக்கு அவரு கக்கூஸுக்கே போகல. அதனால நாங்க எல்லாரும் நம்பிட்டோம்.

அடுத்த வருஷம் ஒரு டிவி கம்பெனிக்காரங்க மாமா நாவலுங்கள வாங்கி தொடரா எடுத்தாங்க. ஞாயித்துக்கெழம காலைல பதினோரு மணிக்கு வரும். நாவல்ல இல்லாத கதைங்களையும் மாமாவே புதுசா எழுதிக் குடுத்தாரு. மலையடிவாரத்துல எங்கயோ எடுத்திருந்தாங்க. தணிகாசலத்துக்கு கடா மீசை, அகலமான நெஞ்சு, தலையில காக்கித் தொப்பி. பாட்டு முடியறப்ப 'கதை'ன்னு போட்டு மாமா பேரு வரும். கொட்டாவி விட்டா போச்சு, அவ்ளோ வேகம். அந்த ஒரு நொடிக்காக தெருவுல பாதி பேரு எங்க வீட்டுக்குள்ள நெருக்கியடிச்சு உக்காந்திருப்பாங்க. பேரு வந்ததும் அம்மா எல்லாரையும் திரும்பிப் பாப்பாங்க. எங்க அம்மா அவ்ளோ அழகா இருந்தத நான் கல்யாண போட்டோலகூட பாத்ததில்ல.

ஒரு ஞாயித்துக்கெழம அந்தக் கதை வந்துருச்சு. சாவு, கொள்ளி, பாடை, எல்லாம். ஊரு வேற, பேரு வேற. எல்லைக்குப் பதிலா ஒரு ஆத்த வச்சிருந்தாரு மாமா. தணிகாசலம் பரிசல்ல போறாரு. பாடைய தூக்குறப்ப அவரு கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது, வயலின் அழுவுது, பக்கத்து வீட்டக்கா மூக்க சிந்துறாங்க. மாமா தரையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அம்மா மாமாவ பாத்தாங்க.

கடைசில அப்பா, "நான் அழுவல. எனக்கு அன்னிக்கு பசி"ன்னாரு. அவ்ளோதான். எழுந்து போயி கொடியில காயற துணிய எடுக்க ஆரம்பிச்சுட்டாரு. ஈரம்கூட காயல.

அத்தோட விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. மலையடிவாரத்து காக்கித் தொப்பிக்கும் பாகூர் பக்கத்து சிவப்புத் தொப்பிக்கும் யாரு முடிச்சுப் போடப் போறா? அதுக்குன்னு ஒரு ஆளு வேணும்ல. அந்த ஆளு நான்.

எங்க கிளாஸ்ல ஒருத்தி இருந்தா. ரெட்டை ஜடை, கூடவே ரெட்டை நாக்கு. தணிகாசலம் எங்க அப்பாதான்னு நான் சொன்னப்ப அவ எல்லாரையும் கூப்பிட்டு சிரிச்சா. "உங்கப்பாவா? காத்தடிச்சா பறந்துருவாருடி அவரு! தணிகாசலம் தொப்பி காக்கி. உங்கப்பா தொப்பி தக்காளி!" அன்னிலேர்ந்து வருஷம் பூரா எம்பேரு தக்காளி.

ஆண்டு விழா வந்துச்சு. மாறுவேடப் போட்டிக்கு நான் பேரு குடுத்தேன், ஏட்டு தணிகாசலமா. மாமா நாலு வரி எழுதிக் குடுத்தாரு. திருடாதீங்க, படிங்க, போலீஸ் உங்கள் நண்பன்னு வரும். எழுதுனதுலயே மட்டமான எழுத்து அது, பாவம், புள்ளைங்களுக்குன்னு நெனச்சு எழுதியிருக்காரு. காக்கித் தொப்பி வாடகைக்கு எடுக்கலாம்னாரு. நான் ஒத்துக்கல. அப்பாவோட பழைய சிவப்புத் தொப்பி பீரோ மேல இருந்துச்சு. மாட்டுனா மூக்கு வரைக்கும் எறங்குச்சு. மாமாதான் உள்ள பேப்பர சுருட்டி வச்சு நிக்க வச்சாரு.

அன்னிக்கு அப்பாவுக்கு டியூட்டி, அம்மாவுக்கு ஷிப்டு. மாமாதான் கூட்டிட்டுப் போனாரு. நாலாவது வரிசைல உக்காந்திருந்தாரு. மேடை நடுவுல சிறப்பு விருந்தினரு. பெரிய போலீஸ் அதிகாரி. எனக்கு சந்தோஷம்னா சந்தோஷம், நம்ம ஆளு வந்திருக்காருன்னு.

மீசைய ஒட்டிக்கிட்டு மைக் முன்னாடி போயி நின்னேன். "நான்தான் ஏட்டு தணிகாசலம்"னு ஆரம்பிச்சேன். மொத வரிசைலேர்ந்து ரெட்டை ஜடை கத்துனா, "தொப்பி கலரு தப்புடி தக்காளி!" மொத்த ஸ்கூலும் சிரிச்சுது. டீச்சருங்க சிரிச்சாங்க. அந்த அதிகாரிகூட சிரிச்சாரு. என் மீசை ஒரு பக்கம் தொங்கிடுச்சு. மாமாவோட நாலு வரியும் எனக்கு மறந்து போச்சு.

நான் தொப்பிய கழட்டி தூக்கிக் காட்டுனேன். "இதான் நெஜத் தொப்பி. டிவில வரதுதான் பொய்யி"ன்னேன். அப்புறம் வாய் நிக்கவே இல்ல. ஒயரு திருடுனவன், அவன் அம்மா செத்தது, சைக்கிளு, துணிப்பை, எல்லைய தாண்டுனது, பாடைய தூக்குனது, சாயங்காலத்துக்குள்ள திரும்பி வந்து பூட்டுனது. எந்த அவுட்போஸ்ட்டுன்னுகூட சொன்னேன். "எங்க அப்பா அழுவல. அவருக்கு பசி"ன்னு முடிச்சேன்.

முடிச்சதும் ஒரே கைத்தட்டு. அப்பிடி ஒரு கைத்தட்டு அந்த ஸ்கூல்ல அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. ரெட்டை ஜடைகூட தட்டுனா. மாமா மட்டும் தட்டல. ரெண்டு கையையும் தலையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எழுதிக் குடுத்தத பேசலன்னு கோவம் போல, எழுத்தாளருங்களுக்கு ஒரு வரிய மாத்துனாகூட புடிக்காதேன்னு நெனச்சுக்கிட்டேன்.

அதிகாரி சோப்பு டப்பாவ குடுத்து, குனிஞ்சு, "அப்பா பேரு என்னம்மா?"ன்னு கேட்டாரு. பாசமாதான் கேட்டாரு. நானும் பேரு சொன்னேன். நம்பரும் சொன்னேன். போலீஸ்காரன் பொண்ணு, எல்லாம் மனப்பாடம்.

மாமா வண்டில கூட்டிட்டு வந்தாரு. தெருமுனைல நிறுத்துனாரு.

"பாப்பா, அக்காகிட்ட பரிசு வாங்குனத மட்டும் சொல்லு."

"பேசுனத?"

"நான் எழுதிக் குடுத்தத பேசுனேன்னு சொல்லு."

அவரு பேருக்கு பெருமை வேணும்னு ஆசைப்படுறாருன்னு நெனச்சேன். சரி போனா போவுதுன்னு அப்பிடியே சொன்னேன். அவ்ளோ பெருந்தன்மை எனக்கு.

ஒரு மாசத்துக்குள்ள ஆர்டர் வந்துச்சு. அப்பாவ யானத்துக்கு மாத்திட்டாங்க. எங்க புதுச்சேரி ஒரே எடத்துல இருக்குற ஊரு இல்ல. காரைக்கால் ஒரு பக்கம், மாஹே கேரளாவுல, யானம் ஆந்திராவுல. எல்லாம் ஒரே கவர்மெண்டு. போலீஸ்காரனுக்கு இங்க ஜெயிலெல்லாம் வேணாம், யானம் போதும். ரயில்ல ஏறி ராத்திரி பகலா போகணும். எறங்குனா எல்லாரும் தெலுங்கு பேசுவாங்க. மூணு வருஷத்துக்கு இன்கிரிமெண்டையும் நிறுத்திட்டாங்க. அப்பா ஒரு ட்ரங்குப் பொட்டிய கட்டுனாரு. நான் போட்டுக்கிட்டு நின்ன பழைய தொப்பிய உள்ள வச்சாரு. அதுக்குள்ள சுருட்டி வச்ச பேப்பர எடுத்துப் பாத்துட்டு அப்பிடியே மறுபடியும் உள்ளயே வச்சுட்டாரு.

அந்த ஞாயித்துக்கெழம மாமா வந்தப்ப அம்மா வாசப்படிய விட்டு நவுரல.

"எழுதாதன்னு சொன்னாரா இல்லியா உன்கிட்ட?"

"சொன்னாருக்கா."

"உன் கதைக்கு எம்புருஷன்தான் கெடச்சானா? அவரு சோத்துலதான கைய வச்ச, அதே சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியேடா."

"நான் எழுதுனதாலதான்க்கா. தப்பு என்னுதுதான்."

நான் கதவுக்குப் பின்னாடி கணக்கு நோட்ட வச்சுக்கிட்டு நின்னேன். அது வரைக்கும் நான் மேடைல பேசுனதாலதானோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அவரு அப்பிடி சொன்னதும் அது கரைஞ்சு போச்சு. அப்பாடா, அவராலதானா! பெரியவங்க, அதுவும் எழுத்தாளரு, அவரே ஒத்துக்கிட்டாரு. அப்புறம் எனக்கு அவரு மேல கோவம் வந்துச்சு. அவரு கையெழுத்து போட்டுக் குடுத்த மூணு நாவலையும் பழைய பேப்பர்காரருகிட்ட போட்டு பேரீச்சம்பழம் வாங்கித் தின்னேன். நல்லாதான் இருந்துச்சு பழம்.

மாமா அதுக்கப்புறம் எழுதல. டிவிக்காரங்க அவங்களே கதை பண்ணி தணிகாசலத்த டவுனுக்கு மாத்தி, ஒரு பைக்கும் ஒரு காதலியும் குடுத்தாங்க. கொஞ்ச நாள்ல அதுவும் நின்னு போச்சு.

நடுவுல நடந்த வருஷங்கள விட்டுர்றேன். அம்மா கடைசி வரைக்கும் தம்பிகிட்ட பேசல. அம்மா போனப்ப, பொறந்த வீட்டு கோடி போட மாமா வந்தாரு. பொடவைய போத்திட்டு ஓரமா போயி நின்னுக்கிட்டாரு. காரியம் முடிஞ்சு, அப்பா பென்ஷன் காயிதம் எதையோ தேடச் சொன்னாருன்னு அந்த ட்ரங்குப் பொட்டிய நான் தொறந்தேன். அதுல ஒரு மெமோ. இங்கிலீஷ்ல டைப் அடிச்சது. டிவியப் பத்தியோ நாவலப் பத்தியோ அதுல ஒரு வார்த்த இல்ல. 'உங்கள் மகள் பள்ளி விழா மேடையில் கூறியது' பத்தி விளக்கம் கேட்டிருந்தாங்க. பின்னாடி அப்பா எழுதுன பதிலோட கார்பன் காப்பி. ரெண்டே வரி. என் மகள் சொன்னது உண்மை. செய்தது நான்.

அப்பாகிட்ட எடுத்துட்டுப் போயி காட்டுனேன். கண்ணாடிய போட்டுக்கிட்டு பாத்தாரு.

"புள்ள டிவியப் பாத்துட்டு ஒளறிடுச்சுன்னு எழுதிக் குடுய்யா, விட்டுர்றோம்னுதான் சொன்னாங்க"ன்னாரு. "நெஜத்த சொன்ன புள்ளைய பொய்யின்னு எப்பிடி கையெழுத்து போட்டுக் குடுக்கறது?"

"அம்மாகிட்ட ஏம்பா சொல்லல?"

"மாப்ளதான் வாணாம்னான். அக்கா என்னிய திட்டிக்கட்டும், புள்ளைய வாணாம்னான். ஒரு மாசத்துல கோவம் ஆறிடும்னு நெனச்சோம்." மெமோவ நாலா மடிச்சாரு. "ஆறல."

நல்லவங்க ரெண்டு பேரு சேந்தா ஒரு குடும்பத்துக்கு என்னெல்லாம் பண்ணிட முடியுது பாருங்க. ஒத்தப் பொம்பளைக்கு புருஷனும் ஊருல இல்ல, கூடப் பொறந்தவனும் இல்ல. அந்தத் தண்டனைல பாதிய அம்மா எனக்குப் பதிலா அனுபவிச்சாங்க. அது அவங்களுக்கே தெரியாது.

இப்ப யோசிச்சா எனக்கு திரும்பத் திரும்ப ஞாபகம் வரது மேடை இல்ல, மெமோ இல்ல. அதுக்கு நடுவுல ஒரு நாளு. நான் எட்டாவது படிக்கிறப்ப வயசுக்கு வந்தேன். தாய்மாமன்தான் பச்சைக் கீத்து வெட்டிட்டு வந்து குச்சு கட்டணும். அம்மா யாருக்கும் சொல்லி அனுப்பல. யானத்துலேர்ந்து நாலு நாள் லீவுல வந்திருந்த அப்பா சொல்லியிருக்கணும். டிவிஎஸ் அம்பதுல பின்னாடி தென்னங்கீத்து தரையில இழுபட இழுபட, தெரு பூரா கூட்டிக்கிட்டே வந்து நின்னாரு மாமா.

அம்மா வாசல்ல நின்னு பாத்துட்டு, வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. உள்ள போயி அடுப்பு முன்னாடி உக்காந்துக்கிட்டாங்க. அப்பாதான் கீத்த எறக்குனாரு. நான் கூடத்து மூலைல சுவத்த ஒட்டி உக்காந்திருந்தேன். என்னைச் சுத்தி ரெண்டு பேரும் குச்சு கட்டுனாங்க. அப்பா புடிச்சுக்கிட்டாரு, மாமா கயிறு போட்டாரு. பேனா புடிச்ச கை, முடிச்சே நிக்கல. குச்சு ஒரு பக்கமா சாஞ்சுச்சு. அம்மா அடுப்ப விட்டு எழுந்து வரல. தம்பிக்கு ஒரு சொம்பு தண்ணிகூட குடுக்கல. அப்பாதான் மோந்து வந்து குடுத்தாரு. மாமா வாங்கி, குடிக்காம கீழ வச்சாரு. அக்கா வீட்டுல அக்கா குடுத்தாதான் தண்ணின்னு ஒரு வீம்பு போல.

சீர்த்தட்ட உள்ள தள்ளுனாரு. பாவாட, தாவணி, வளையலு, பூவு. நான் அத தொடல. எங்க அப்பாவ யானத்துக்கு அனுப்புன ஆளு குடுத்த பாவாட எனக்கெதுக்கு?

கெளம்பறப்ப அவரு குச்சுக்கு வெளிய வந்து குந்துனாரு. கீத்து இடுக்குல அவரு கண்ணாடி மட்டும் தெரிஞ்சுது. அம்மாவுக்கு கேக்காத மாதிரி மெதுவா, "பயப்படாத பாப்பா"ன்னாரு.

நான் மூஞ்ச சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டேன். கொஞ்ச நேரம் அங்கயே இருந்தாரு. அப்புறம் வண்டி கெளம்புற சத்தம் கேட்டுச்சு. தப்பு பண்ண மனுஷன் எனக்கு எதுக்கு தைரியம் சொல்லிட்டுப் போறாருன்னு எனக்கு வெளங்கவே இல்ல.